இருபது நாள் பிள்ளைக்கு இரண்டு பல்

"அக்கா, உங்கட காலத்தில இதை என்னெண்டு செய்தனீங்கள்?" என்று துஷாந்தி கைபேசியில் குரல் செய்தி அனுப்பியிருந்தாள்.

பிரதேச செயலகம் ஒன்றின் பதிவாளர் பிரிவில் நான் விட்டுவந்த கதிரையில் இப்போது இருப்பவள் அவள். அவளுடைய கேள்வியைப் பிறகு சொல்கிறேன். "உங்கட காலம்" என்ற சொல்லிலேயே நான் கொஞ்ச நேரம் நின்றுவிட்டேன். எனக்கு வயது முப்பத்தாறு. மூத்த மகளுக்கு நாலரை, இளையவளுக்கு ஏழு மாதம். கலியாணத்துக்குப் பிறகு நெளுக்குளத்துக்கு வந்து, அங்கிருந்து முல்லைத்தீவுக் கரையோரத்து அலுவலகத்துக்குப் போக இரண்டு மணித்தியாலம், வர இரண்டு மணித்தியாலம் பஸ்ஸில் கழிந்தது. மூத்தவள் ஒரு நாள் என்னை, பக்கத்து வீட்டாரைக் கூப்பிடுவதுபோல, "அன்ரி" என்று கூப்பிட்டாள். அந்த மாதமே வேலையை விட்டேன். விட்டு இரண்டு வருடத்தில் நான் ஒரு "காலம்" ஆகிவிட்டேன்.

அதோடு நிற்கவில்லை. செயலகத்தின் ஆண்டு மலரில் ஓய்வுபெற்றவர்களின் அனுபவப் பக்கம் ஒன்று உண்டு. அதில் இம்முறை என் பெயரையும் போட்டிருக்கிறார்களாம். மற்ற இருவரும் அறுபது கடந்தவர்கள். இதைச் சொன்னதும் என் கணவர், "உமக்கு ஒரு ஊண்டுகோல் வாங்கி வரவோ?" என்று கேட்டார்.

ஓய்வுபெற்றவர் என்று சொல்லிக்கொள்ள எத்தனை வயது நிரம்பியிருக்க வேண்டும் என்று உண்மையாகவே யோசித்தேன். பிறகு சிரிப்பு வந்தது. பதினொரு வருடம் நான் பார்த்த வேலையே அதுதான். இன்னார் இன்ன காரியத்துக்கு வயது வந்தவரா இல்லையா என்று கடதாசிகளைப் புரட்டிப் பார்ப்பது.

துஷாந்தியின் கேள்வி இது. பிறப்புப் பதிவில் ஒரு திருத்தம் கேட்டு ஒரு குடும்பம் வந்திருக்கிறது. பிள்ளைக்குப் பதினெட்டு ஆக இன்னும் மூன்று நாள் இருக்கிறது. புதிதாக வந்த கணினியில் விண்ணப்பகாரர் என்று ஒரேயொரு பெட்டிதான். "கையெழுத்துத் தகப்பன் வைக்கிறதோ, பிள்ளை வைக்கிறதோ அக்கா? தகப்பன் இண்டைக்கே வேணும் எண்டு வாசலில நிக்கிறார்."

பதில் எனக்குத் தெரியும். தெரியும் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் அது ஒரு வரியில் சொல்லக்கூடிய பதில் இல்லை. ஒருமுறை நான் அதே பெட்டியில் பிழையான கையெழுத்தை வாங்கியவள்.

பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. பட்டதாரிப் பயிலுநராக ஒரு வருடம். போட்டோக்கொப்பி இயந்திரத்தில் சிக்கிய கடதாசியைக் கிழியாமல் எடுப்பது, கூட்டத்துக்கு எத்தனை தேநீர் சொல்வது, கையெழுத்து விழாத கடிதத்தை முகம் மாறாமல் திரும்பக் கொண்டுவருவது என்று மூன்று கலைகளைக் கற்றேன். பிறகு பதிவாளர் பிரிவில் யன்னலோரம் ஒரு மேசை தந்தார்கள்.

மற்ற ஊர்களில் பிறப்புச் சான்றிதழை எடுத்துக் காட்டினால் வயதுப் பிரச்சினை தீர்ந்துவிடும். எங்கள் பக்கத்தில் யுத்தத்துக்குள் ஒரு குடும்பம் ஐந்து இடம் மாறினால் சான்றிதழ் மூன்றாவது இடத்திலேயே நின்றுவிடும். ஆகவே பாடசாலையில் சேர்ந்த நாளைக் காட்டும் சேர்வு இடாப்பு, கிளினிக் அட்டை, சாதகம், கோயிலின் ஞானஸ்நானப் பதிவு, கிராம அலுவலரின் கடிதம் என்று கிடைப்பதையெல்லாம் சேர்த்துவைத்து வயதைக் கண்டுபிடிப்போம். ஒன்றுமே இல்லாவிட்டால் சட்ட வைத்தியர் பல்லையும் எலும்பையும் பார்த்து ஒரு வயது சொல்வார். அதை வைத்து உத்தேச வயதுச் சான்றிதழ் கொடுக்கப்படும்.

"வயது என்ன?" என்று கேட்டால் யாரும் நேரே எண்ணைச் சொல்லமாட்டார்கள். "பெரிய வெள்ளத்துக்கு அடுத்த வரியம் பிறந்தது" என்பார்கள். ஒரு தாய் தன் இரண்டு மகள்மாரின் சான்றிதழ்களையும் கொண்டுவந்தார். மூத்தவளைப் பதிந்தது இடம்பெயர்ந்து மல்லாவியில் இருந்தபோது, இளையவளைப் பதிந்தது ஊருக்குத் திரும்பிய பிறகு. இரண்டு பிறந்த திகதியும் ஞாபகத்தில் இருந்து சொன்னவை. நான் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன்.

"அம்மா, இரண்டு பிள்ளையளுக்கும் இடையில நாலு மாசம்தான் இருக்குது."

அவர் கொஞ்சமும் கலங்கவில்லை. "இருக்கட்டும் பிள்ளை. இரண்டும் வளர்ந்திட்டுதுகள்தானே."

எனக்கு மேலே இருந்தவர் இராஜேஸ்வரி மிஸ். மேலதிக மாவட்டப் பதிவாளர். என்னை விடப் பத்து வயது மூத்தவர் என்று நினைக்கிறேன். நினைக்கிறேன் என்று ஏன் சொல்கிறேன் என்றால் அவருக்கே அது சரியாகத் தெரியாது. மலையகத்துத் தோட்டமொன்றில் பிறந்து, குழந்தையாக இருக்கும்போதே குடும்பத்தோடு கிளிநொச்சிப் பக்கம் வந்து சேர்ந்தவர். வந்த வழியில் கடதாசிகள் போய்விட்டன. பதினான்கு வயதில் ஒரு வைத்தியர் வாயைத் திறக்கச் சொல்லி வயதைத் தீர்மானித்தார். "அண்டைக்கு எனக்கு ஒரு பல்லுக் கொதி. அதில ஒரு வயசு கூடிப்போச்சோ தெரியாது" என்று அடிக்கடி சொல்லிக்கொள்வார். இந்தப் பகுதியில் எல்லாருடைய வயதுக்கும் ஒப்பமிடுகிறவர் தன் வயதை உத்தேசமாக வைத்திருந்தார்.

அவரிடம் ஒரு பழக்கம் இருந்தது. எந்தக் கடதாசியையும் கீழிருந்து மேலேதான் வாசிப்பார். முதலில் முத்திரை, பிறகு கையெழுத்து, பிறகு திகதி. கதையைக் கடைசியில்தான் பார்ப்பார். "கதையை முதல் வாசிச்சா இரக்கம் வந்திடும். கையெழுத்தில இரக்கம் இல்லை" என்பது அவருடைய விளக்கம். வந்தவரை இருத்தித் தண்ணீர் கொடுக்காமல் பைலைத் திறக்கவும் மாட்டார்.

இன்னொன்று, அவருடைய மேசை லாச்சியில் கிடந்த ஒரு பள்ளிக்கூடக் கொப்பி. எந்த நாட்டில், எந்தக் காலத்தில், எத்தனை வயதில் ஒருவர் சட்டப்படி பெரியவர் ஆனார் என்று அதில் எழுதிச் சேர்த்துக்கொண்டிருந்தார். சிலர் தபால் முத்திரை சேர்ப்பதில்லையா, அதுபோல. உரோமர் இருபத்தைந்து வயது வரை பொடியன்மாரின் கொடுக்கல் வாங்கலுக்கு ஒரு காவலரை வைக்கலாம் என்றார்கள். பழைய இங்கிலாந்தில் போர்வீரன் மகனுக்கு இருபத்தொன்று, இரும்புக் கவசத்தைத் தூக்க உடம்பு வேண்டுமே. உழவன் மகனுக்குப் பதினைந்து போதும். நகரத்து வியாபாரியின் மகனுக்கு எண்ணே கிடையாது, துணி அளக்கத் தெரிந்தால் பெரியவன். ஸ்கொட்லாந்தில் பதினாறு. அமெரிக்காவில் ஒரு மாநில எல்லையைத் தாண்டினால் பதினெட்டு வயதுப் பெரியவர் திரும்பவும் சின்னப்பிள்ளை ஆகிவிடலாம். எங்கள் நாட்டில் என் அம்மாவின் காலத்தில் இருபத்தொன்று. நான் தொட்டிலில் கிடந்த நாட்களில்தான் பதினெட்டு ஆனது. ஜப்பானில் இருபதைப் பதினெட்டாகக் குறைத்த செய்தி வந்த அன்று மிஸ் எல்லாரையும் கூப்பிட்டு, "இண்டைக்குக் காலமை பதினெட்டும் பத்தொன்பதும் வயசான அவ்வளவு பேரும் நித்திரையால எழும்பேக்க பெரியாக்கள்" என்று அறிவித்தார்.

"எங்கட சட்டமும் பகிடிதான்," என்பார். "பதினெட்டில கலியாணம் கட்டலாம். அந்தக் கலியாணத்துக்கு வைன் போத்தல் வாங்க இருபத்தொண்டு வேணும்."

நான் ஒரு நாள், எங்கள் ஊர் வழக்கத்தையும் எழுதச் சொன்னேன். "பெட்டைப் பிள்ளைக்கு பன்னிரண்டு பதின்மூண்டில பந்தல் போட்டு, பெரியபிள்ளை எண்டு ஊருக்கெல்லாம் சொல்லுறம்தானே மிஸ்."

"அதை என்னெண்டு எழுதிறது?" என்றார். "ஒரு கிழமைக்குப் பெரியபிள்ளை. பிறகு ஐம்பது வயசு வரைக்கும் சின்னப்பிள்ளை."

அவர் சொன்னபோது எனக்கு இருபத்தெட்டு. வீட்டில் மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு படத்தைக் காட்டி, "பிடிச்சிருக்கோ?" என்று அம்மா கேட்டார். நான் யன்னலைப் பார்த்தேன். அது ஓம் என்று எடுத்துக்கொள்ளப்பட்டது. பிழையில்லை, நல்ல மனிதர், ஊன்றுகோல் எல்லாம் வாங்கித் தருகிறேன் என்கிறார். ஆனால் அந்த வருடம் அனுசியா என்ற பிள்ளையின் பைல் என் மேசைக்கு வந்தபோது, அதை நான் என்ன மனத்தோடு பார்த்தேன் என்பதற்காக இதைச் சொல்லவேண்டி இருக்கிறது.

யூலை மாதக் கடைசி. சூசைப்பிள்ளை என்ற கடற்தொழிலாளி வந்தார். பெருநாள் சேட்டு, எண்ணெய் வைத்துப் படிய இழுத்த தலைமயிர். பின்னால் அவருடைய மகள் அனுசியா, வெள்ளைச் சீருடையில், இரட்டைப் பின்னலோடு. உயர்தரம் படித்துக்கொண்டிருந்தாள். அவர் இரண்டு கடதாசிகளை மேசையில் வைத்தார். ஒன்று மகளின் பிறப்புச் சான்றிதழ். மற்றது பங்குக் கோயிலில் எடுத்த ஞானஸ்நானச் சான்று.

"இதில ஒரு பிழை இருக்குது பிள்ளை. திருத்தித் தரவேணும்."

பார்த்தேன். பிறப்புச் சான்றிதழில் செப்டெம்பர் நடுப்பகுதி. ஞானஸ்நானம் அதே வருடம் மே மாதம்.

"ஐயா, உங்கட மகள் பிறக்கிறதுக்கு நாலு மாசம் முந்தியே ஞானஸ்நானம் எடுத்திருக்கிறா."

"ஓம். அதைத்தான் பிழை எண்டு சொல்லுறன்."

"ஆற்ற பிழை? கோயிலின்ரயோ, பதிவுக் கந்தோரின்ரயோ?"

"கோயில் சரி. கந்தோரும் நான் சொன்னதைத்தான் எழுதினது. பிழை நான்."

பிறகு விபரமாகச் சொன்னார். அனுசியா பிறந்தது ஏப்ரலில், இடம்பெயர்ந்து இருந்தபோது. மே மாதம் பங்குச் சுவாமி ஞானஸ்நானம் கொடுத்தார். பதிவேட்டைப் பொலித்தீனில் சுற்றி, போகும் இடமெல்லாம் கொண்டுதிரிந்த சுவாமி அவர். தகப்பன் அவ்வளவு கவனம் இல்லை. இன்னும் இரண்டு இடம் மாறி, பிறப்பைப் பதியப் போனபோது பிள்ளைக்கு ஐந்து மாதம் தாண்டிவிட்டது. மூன்று மாதம் பிந்தினால் படிவங்கள் மேலே போகும், பாதை பூட்டியிருக்கும் நேரத்தில் எப்போது திரும்பி வருமோ தெரியாது என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். சூசைப்பிள்ளை யோசித்தார். பதிவு பிந்தக்கூடாது, ஆகவே பிள்ளையைப் பிந்திப் பிறக்க வைத்தார். "பிறந்து இருபது நாள்" என்றார்.

"பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போனதுதான் நான் விட்ட பிழை," என்றார். "ரெஜிஸ்டர் ஐயான்ர பேனையைப் பறிச்சுக் கடிச்சிட்டாள். கீழ்முரசில இரண்டு பல்லு. அந்த மனுசன் பேனையைப் பாத்தார், பிள்ளையைப் பாத்தார், என்னைப் பாத்தார். 'பல்லோட பிறந்திருக்கிறா போல. கவனமா வளர்த்தெடுங்கோ' எண்டு சொல்லிப்போட்டு எழுதினவர்."

எனக்குச் சிரிப்பு வந்தது. அனுசியா சிரிக்கவில்லை.

இப்போது ஏன் திருத்தம் என்று கேட்டேன். மாப்பிள்ளை வந்திருந்தார். சொந்தத்தில் மச்சான் முறை, இத்தாலியில் வேலை. மடுத் திருநாளுக்கென்று லீவில் வந்தவர், செப்டெம்பர் முதல் கிழமை திரும்ப வேண்டும். அதற்குள் கலியாண எழுத்து, அதாவது பதிவு, முடிந்தால்தான் அங்கே விசா அலுவல் தொடங்கலாம். சான்றிதழின்படி பெண்ணுக்குப் பதினெட்டு ஆகும்போது மாப்பிள்ளை போய் ஒரு கிழமையாவது ஆகியிருக்கும்.

"உண்மையில அவளுக்குப் பதினெட்டு முடிஞ்சு மூண்டு மாசம். நான் அப்ப பொய் சொன்னனான். இப்ப உண்மை சொல்லுறன். உண்மைக்கு ஏன் பிள்ளை இவ்வளவு கடதாசி?"

நான் திருத்தப் பிரகடனப் படிவத்தை நிரப்பினேன். விண்ணப்பகாரர் என்ற இடத்தில் அவர் பெரிய எழுத்தில் கையெழுத்து வைத்தார். பாடசாலையின் சேர்வு இடாப்புப் பிரதியும் வேண்டும், ஒரு கிழமையில் வாருங்கள் என்று அனுப்பினேன்.

அடுத்த நாள் பள்ளிக்கூடம் விட்ட நேரம் அனுசியா சைக்கிளில் தனியே வந்தாள். கதிரையில் இருக்கவில்லை.

"அக்கா, அந்தப் பைலைத் தொலைச்சு விடுவீங்களோ?"

அரசாங்க உத்தியோகத்தரிடம் அப்படிக் கேட்கக்கூடாது என்று சொன்னேன் என்று நினைக்கிறேன்.

"அந்த மாப்பிள்ளை கெட்ட ஆள் இல்லை," என்றாள். "நல்ல ஆள்தான். எனக்கு இப்ப வேண்டாம். எனக்குச் சோதினை எழுத வேணும். இன்னும் கொஞ்ச நாளைக்கு நான் பதினேழாவே இருந்தால் அவர் போயிடுவார். சட்டம் விடாது எண்டால் அப்பா ஒண்டும் சொல்லமாட்டார். நான் விடமாட்டன் எண்டால் என்னெண்டு அக்கா சொல்லுறது?"

அவள் போன பிறகு நான் அந்தப் பைலை எடுத்து, பழைய மரணப் பதிவுக் கோரிக்கைகளின் அடியில் வைத்தேன். பாடசாலைக் கடிதம் வரவேண்டும் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். பாடசாலைக் கடிதம் இரண்டாம் நாளே வந்தது. அதையும் அதே இடத்தில் வைத்தேன். பதினொரு வருடத்தில் நான் தெரிந்துகொண்டு கடமை தவறியது அந்த நான்கு நாட்கள்தான். பெரிய குற்றம் இல்லை என்று சொல்வீர்கள். எனக்கு அப்படி இருக்கவில்லை. ஒரு பிள்ளையைக் காப்பாற்றுகிறேனா, ஒரு தகப்பனின் உண்மையை ஒளிக்கிறேனா என்று பஸ்ஸில் போகும்போது ஒரு பதிலும் வரும்போது வேறு பதிலுமாக இருந்தது.

ஐந்தாம் நாள் இராஜேஸ்வரி மிஸ் வேறு எதையோ தேடி என் மேசைக்கு வந்தார்.

"இந்தப் பைல் ஏன் கீழ படுத்திருக்குது? காய்ச்சலோ?"

நான் எழும்பி நின்றேன். அவர் நின்றபடியே திறந்து, வழக்கம்போலக் கீழிருந்து வாசித்தார்.

"இது ஆற்ற கையெழுத்து?"

"தகப்பன்ர, மிஸ்."

"ஏன் தகப்பன்?"

"மகளுக்கு இன்னும் பதினெட்டு..." என்று தொடங்கி நிறுத்திவிட்டேன். மிஸ் படிவத்தின் மேல்பக்கத்தை வாசித்தார். கண்ணாடியைக் கழற்றி, பைலுக்குள் அடையாளமாக வைத்து மூடினார். அவருக்குச் சிரிப்பு வரும்போது அப்படிச் செய்வார்.

"இவர் சொல்லுறது உண்மை எண்டால் பிள்ளைக்குப் பதினெட்டு முடிஞ்சுது. முடிஞ்சால் விண்ணப்பகாரர் பிள்ளை. இவற்ற கையெழுத்துச் செல்லாது. இவற்ற கையெழுத்துச் செல்லும் எண்டால் இவர் சொல்லுறது பொய். அஞ்சு வரியமா இந்த மேசையில இருக்கிறீர், இந்தப் பெட்டி உமக்குத் தெரியேல்லையோ?"

தெரியவில்லை. தகப்பன் வந்தார், கேட்டார், ஆகவே தகப்பன் வைத்தார். மகள் பின்னால் நின்றாள். அது எனக்கு வித்தியாசமாகவே படவில்லை.

வேறு வழியில்லாமல் அனுசியா வந்து கேட்டதையும் சொன்னேன். பொய்யை அப்படியே விட்டுவிடலாம் என்றும் சொன்னேன். பதினெட்டு வருடம் இருந்த பொய், இன்னும் சில கிழமை இருந்தால் யாருக்கு நட்டம்?

"செப்டெம்பரில அந்தப் பொய்யும் பதினெட்டு ஆகிடும்," என்றார் மிஸ். "மாப்பிள்ளை அடுத்த லீவில வருவார். அப்ப எந்தக் கடதாசியை எதுக்குக் கீழ வைப்பீர்?"

"அவ பயப்பிடுறா மிஸ். பெரிய ஆள் எண்டு எழுதிக் குடுத்தால் கலியாண எழுத்தில கொண்டுபோய் இருத்திவிடுவினம். அவ வாய் திறக்கமாட்டா."

"திறக்கமாட்டா எண்டு உமக்கு என்னெண்டு தெரியும்?"

எனக்குத் தெரியும். நான் யன்னலைப் பார்த்தவள். ஆனாலும் "தெரியாது மிஸ்" என்றேன்.

மிஸ் பைலைத் திறந்து கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டார். பிறகு, "எனக்கும் தெரியாது" என்றார். "திறக்காமலும் விடலாம். ஆனால் அவ பொய்யாப் பதினேழு எண்டு நான் எழுதமாட்டன். வரச் சொல்லும். பிள்ளை, தகப்பன், தாய், மூண்டு பேரும்."

அவர்கள் வந்த புதன்கிழமையை நான் நன்றாக ஞாபகம் வைத்திருக்கிறேன். மூவரையும் மிஸ்ஸின் அறையில் இருத்தினார்கள். மூன்று தண்ணீர்க் குவளைகள். சூசைப்பிள்ளை ஒரே மூச்சில் குடித்தார். அனுசியா தொடவில்லை. நான் படிவத்தோடு சுவரோரம் நின்றேன். இந்தப் பிள்ளை இன்று பேசாவிட்டால், என் கையாலேயே எழுதிய உண்மையான வயதோடு அவளை அனுப்பிவைக்கப் போகிறேன் என்பது மட்டும் தலைக்குள் ஓடிக்கொண்டிருந்தது.

மிஸ் சூசைப்பிள்ளைக்குக் கையெழுத்துப் பெட்டியின் விடயத்தை மெதுவாக விளக்கினார். அவர் இரண்டு முறை கேட்டார்.

"அப்ப, நான் உண்மை சொன்னபடியால் எனக்கு உரிமை இல்லை."

"ஓம் ஐயா."

"பொய்யை அப்படியே விட்டிருந்தால் இருந்திருக்கும்."

"பொய்யுக்கும் கொஞ்ச நாள்தான் இருந்தது ஐயா."

அவர் மனைவியைப் பார்த்தார். மனைவி மேல்விசிறியைப் பார்த்தார். "சரி, வை பிள்ளை" என்று சூசைப்பிள்ளை மகளிடம் படிவத்தை நகர்த்தினார்.

அனுசியா பேனையை எடுத்தாள். எடுத்துவிட்டு மிஸ்ஸிடம் கேட்டாள். "இதில வைச்சால் நான் பெரிய ஆளோ?"

"வைக்காட்டியும் நீர் பெரிய ஆள்தான். வைச்சால் கடதாசிக்கும் தெரியும்."

"பிறகு எல்லாத்துக்கும் நான்தான் வைக்க வேணுமோ? கலியாண எழுத்துக்கும்?"

"நீர்தான். அப்பா வைக்க ஏலாது. அம்மா வைக்க ஏலாது. நானும் வைக்க ஏலாது."

மேல்விசிறி ஒரு சுற்றுக்கு ஒருமுறை டிக் என்று சத்தம் போடும். அதை நான் எண்ணினேன். பதினொன்று வரை எண்ணியது ஞாபகம்.

அவள் குனிந்து கையெழுத்து வைத்தாள். முழுப் பெயரும், ஒவ்வொரு எழுத்தாக. பேனையை மூடி, படிவத்துக்கு மேலே நேராக வைத்தாள்.

"அப்பா, இதுக்கு வைச்சிட்டன்," என்றாள். "மற்றதுக்கு வைக்கமாட்டன். சோதினை எழுதின பிறகு கேளுங்கோ. அப்பவும் ஓம் எண்டுவன் எண்டு சொல்லேல்லை."

தாய் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார். அழுதாரா சிரித்தாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. தோள் இரண்டும் குலுங்கின. சூசைப்பிள்ளை மகளைப் பார்த்தார், மிஸ்ஸைப் பார்த்தார், சுவரோரம் நின்ற என்னைப் பார்த்தார். நாங்கள் மூன்று பேரும் சேர்ந்து ஏதோ செய்துவிட்டோம் என்று அவருக்குத் தெரிந்தது, எது என்றுதான் பிடிபடவில்லை. கடைசியில் மகளின் தண்ணீர்க் குவளையையும் எடுத்துக் குடித்தார்.

"அந்த ரெஜிஸ்டர் ஐயா அப்பவே சொன்னவர்," என்றார். "கவனமா வளக்கச் சொல்லி."

மாப்பிள்ளை வந்த மாதிரியே திரும்பிப் போனார். போவதற்கு முன் ஒரு நாள் கடையில் என்னைக் கண்டபோது முறைக்கவில்லை, விலகி வழிவிட்டார். நல்ல ஆள் என்று அனுசியா சொன்னது உண்மைதான் போலும். சூசைப்பிள்ளை மகளோடு அந்த நத்தார்ப் பண்டிகை வரை சரியாகக் கதைக்கவில்லை என்று கேள்விப்பட்டேன். அவள் சோதினை எழுதினாள். அதற்குப் பிறகு எங்கே போனாள், என்ன ஆனாள் என்று எனக்குத் தெரியாது. பதிவாளர் பிரிவின் குறை அது. ஆட்களின் முதல் வரியும் கடைசி வரியும் எங்களிடம் வரும், நடுவில் உள்ளதை யாரும் கொண்டுவந்து தருவதில்லை.

நான் செய்தது சரியா என்று இன்றும் திரும்பத் திரும்ப நினைக்கிறேன். அவள் அன்று வாயைத் திறக்காமல் விட்டிருந்தால் இதை அனுபவப் பக்கத்தில் எழுத எனக்கு முகம் இருந்திருக்காது. அவளுடைய துணிச்சலில் நானும் மிஸ்ஸும் தப்பினோம். இதை மிஸ்ஸிடமும் சொல்லியிருக்கிறேன். "ஓம், தப்பினம்" என்றார். அந்த நான்கு நாட்களைப் பற்றி யாரிடமும் அவர் சொல்லவில்லை. அடுத்த கிழமை அவருடைய கொப்பியைத் தற்செயலாகப் பார்த்தேன். ஸ்கொட்லாந்துக்குக் கீழே, எண் போடவேண்டிய இடத்தை வெறுமையாக விட்டு, "முல்லைத்தீவுக் கரை: பல் முளைத்த பின்" என்று எழுதியிருந்தார்.

துஷாந்திக்கு நேற்றுக் குரல் செய்தியிலேயே பதில் அனுப்பினேன். "மூண்டு நாள் பொறுக்கச் சொல்லுங்கோ தங்கச்சி. பொறுக்க ஏலாது எண்டு நிக்கிறது ஆர் எண்டு பாருங்கோ, பிள்ளையோ மற்ற ஆக்களோ எண்டு. பிறகு பிள்ளையைக் கூப்பிட்டு முன் கதிரையில இருத்துங்கோ. தண்ணி குடுக்க மறக்காதேங்கோ." அனுப்பிய பிறகு, அதிகமாகச் சொல்லிவிட்டேனோ என்று இரண்டு முறை கேட்டுப் பார்த்தேன். அதற்குள் அவள் கேட்டுவிட்டாள், அழிக்க முடியவில்லை.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது இளையவளுக்குக் கஞ்சி தீத்துகிற நேரம் வந்தது. அவளுக்குப் போன கிழமைதான் கீழ்முரசில் இரண்டு பல் வெளியே தெரிந்தது. மருத்துவமாது எழுதித் தந்த அளவின்படி இன்னும் ஆறு கரண்டி மிச்சம். நான் கரண்டியை நீட்டினேன். அவள் என்னைப் பார்த்தாள். வாயை இறுக்கி மூடினாள். பசி இல்லையா, வயிற்றுக்கு ஏதாவதா, அளவு குறைந்தால் நிறை குறையுமா என்று என் மனம் வழக்கம்போல ஓடியது. இன்னொரு முறை நீட்டினேன். கரண்டியைக் கடித்துப் பிடித்துக்கொண்டு, விடாமல் என்னையே பார்த்தாள்.

"சரி அம்மா, வேண்டாம் எண்டால் விடும்," என்று கோப்பையை மூடி வைத்தேன்.